210 லிட்டர் டிரம்மில் புகையடுப்பு: எந்த டிரம், எத்தனை ஓட்டை, என்ன விறகு?

பிளஃப்_கடற்காற்று

எல்லாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் பிளஃபிலிருந்து எழுதுகிறேன்.

புரட்டாசி முடிந்து வரும் முதல் ஞாயிறு, வீட்டில் பதினைந்து பேருக்கு ஆட்டுக்கறியும் கோழியும் புகையில் வேகவைத்துப் போட வேண்டும். கடை ஸ்மோக்கர் விலை எட்டவில்லை. டிரம்மில் செய்துகொள்ளலாம் என்று முடிவு. செலவு மொத்தம் 1500 ராண்டைத் தாண்டக் கூடாது. டிரில், கிரைண்டர் இருக்கிறது. வெல்டிங் கிடையாது.

கையில் இரண்டு டிரம் இருக்கின்றன. ஒன்று மேல்பக்கம் முழுக்க அடைத்தது, இரண்டு திருகுமூடி மட்டும். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் செங்காவி நிறத்தில் பளபளவென்று ஒரு பூச்சு. முன்பு அதில் என்ன வந்தது என்று தெரியாது. இன்னொன்றின் மேல்மூடி தனியாகக் கழன்று வரும், வளையம் போட்டு இறுக்குகிற வகை. சமையல் எண்ணெய் வந்த டிரம். உள்ளே பூச்சு இல்லை, வெறும் இரும்பு, அங்கங்கே லேசான துரு.

இங்கே பிராய்க்கு, அதாவது திறந்த தணலில் கறி சுடுவதற்கு, எல்லாரும் டிரம்மைப் படுக்கப்போட்டு நீளவாக்கில் இரண்டாக அறுக்கிறார்கள். புகைக்கும் அப்படியே செய்யலாமா, நிமிர்த்தியே வைக்கலாமா? காற்றுக்கு எத்தனை ஓட்டை, எந்த அளவில்? கறி வைக்கும் கம்பித்தட்டு, அதாவது கிரிட், எந்த உயரத்தில்? என்ன விறகு? அளவோடு சொன்னால் பெரிய உதவி.

---

ஃபீனிக்ஸ்_வெல்டர்

முதல்ல டிரம். திருகுமூடி போட்ட அந்த டிரம்மைத் தொடாதீங்க தம்பி. உள்ளே என்ன வந்ததுன்னு தெரியாத டிரம் எவ்வளவு புதுசா இருந்தாலும் சாப்பாட்டுக்கு ஆகாது. பூச்சிமருந்தோ கரைப்பானோ வந்திருந்தா, அதை நெருப்பாலயும் முழுசா எடுக்க முடியும்னு நம்பக் கூடாது.

அதைவிடப் பெரிய ஆபத்து அறுக்கும்போதுதான். அடைத்த டிரம்மில் கையளவு தின்னரோ பெட்ரோலோ மிச்சம் இருந்தாப் போதும். அது ஆவியாகி உள்ளே காற்றோட கலந்து நிக்கும். கிரைண்டர் பொறி ஒண்ணு விழுந்தா டிரம்மே வெடிக்கும். மோந்து பார்த்து வாசனை இல்லைன்னு அறுக்க ஆரம்பிக்கிறவங்கதான் அடிபடுறாங்க. தண்ணி நிரப்பி அறுக்கலாமேன்னு கேப்பீங்க. தண்ணி நிறைஞ்ச டிரம் மேல கரண்ட் கிரைண்டரைப் பிடிக்கிறது இன்னொரு ஆபத்து. மூடி கழலுற டிரம் கையில இருக்கிறப்போ இந்தப் பாடு எதுக்கு?

அந்தச் செங்காவிப் பூச்சையும் சொல்லிடறேன். அது எபாக்சி, ஃபீனாலிக் வகை. லேசான நெருப்புக்கு அசையாது. டிரம் மங்கலாச் சிவக்கிற அளவுக்கு எரிச்சு, அதுக்கப்புறம் சாண்ட் பிளாஸ்ட் பண்ணாத்தான் முழுசாப் போகும். எரியும்போது வர்ற புகை விஷம். உங்க நேரத்துக்கும் அக்கம்பக்கத்து மூச்சுக்கும் நியாயமில்லை.

எண்ணெய் டிரம்தான் சரி. அதுலயும் மூடி விளிம்புக்குள்ள கறுப்பா ரப்பர் வளையம் இருக்கும், அதைக் கத்தியால நெம்பி முழுசா உருவிடுங்க. சூட்டில உருகி நாறும்.

வேலையை இந்த வரிசையில செய்யுங்க: ஓட்டை எல்லாம் போட்டு முடிச்ச பிறகு எரிக்கணும், எரிச்ச பிறகு தேய்க்கணும், கடைசியா வெளிப்பூச்சு. முன்கூட்டி பெயிண்ட் அடிச்சா எரிக்கும்போது உரிஞ்சு போகும். அடி ஓட்டைங்க இல்லாம எரிச்சா நெருப்புக்குக் காத்து பத்தாது, அடிப்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே நிக்கும்.

எரிக்கிறதுக்கு, சரக்கு அடுக்குற பேலட் கட்டை நல்லது, ஆனா முத்திரையைப் பாருங்க. ஹெச்.டி. போட்டிருந்தா வெப்பத்தில பதப்படுத்தினது, எரிக்கலாம். எம்.பி. போட்டிருந்தா மீதைல் புரோமைடு புகை காட்டினது, வேண்டாம். வேலிக்கு நடுற பச்சைச் சாயம் ஏறின கம்பங்க நம்ம ஊர்ல தெருவுக்குத் தெரு கிடைக்கும். அது சி.சி.ஏ.ங்கிற பாதுகாப்பு மருந்து ஏத்தின மரம், அதுல ஆர்சனிக் இருக்கு. புகையும் விஷம், சாம்பலும் விஷம். ஒரு துண்டுகூட இந்த டிரம்முக்குள்ள போகக் கூடாது.

முக்கால் டிரம் உயரத்துக்குக் கட்டையை அடுக்கி, ஒரு மணி நேரம் நல்லா எரியவிடுங்க. வெளிப்பெயிண்ட் பொரிஞ்சு சாம்பல் நிறமா உதிரணும். ஆறினதும் கிரைண்டர்ல கம்பிப் பிரஷ் மாட்டி உள்ளும் புறமும் தேய்ங்க. கண்ணாடி, முகமூடி இல்லாம செய்யாதீங்க, பிரஷ் கம்பி தெறிச்சு வரும். வெந்நீர், சோப்புப் போட்டுக் கழுவி, உடனே வெயில்ல காயவைங்க. ஈரத்தோட ஒரு ராத்திரி விட்டா மறுநாள் துரு.

வெளியே மட்டும் 600 டிகிரி தாங்குற அடுப்பு பெயிண்ட். உள்ளே பெயிண்டே கிடையாது.

---

சாட்ஸ்வொர்த்_தணல்

வெல்டர் அண்ணன் சொன்னதோடு அளவுகளைச் சேர்க்கிறேன்.

நிமிர்த்தியே வையுங்கள். டிரம் தகடு ஏறக்குறைய 1 மி.மீ. தடிமன்தான், சூட்டைப் பிடித்து வைக்காது. படுக்கப்போட்டு அறுத்தால் இரண்டு பாதியும் சேருமிடத்தில் மூன்று மீட்டருக்கு நெருங்கிய விளிம்பு முழுக்கக் காற்று கசியும். நெருப்பும் கறியும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் வேகாது. நிமிர்ந்த டிரம்மில் சூடு தானாக மேலே ஏறிக் கறியைச் சுற்றி வெளியேறுகிறது, கசிய மூடி விளிம்பு ஒன்றுதான். மேலே கசிவதால் பெரிய கெடுதலும் இல்லை. அடியில் கசிவதுதான் நெருப்பைக் கைமீறிப் போகவைக்கும்.

இந்த அடுப்பில் சூட்டை ஆளுவது கரியின் அளவில்லை, உள்ளே போகிற காற்றின் அளவு. கூடை நிறையக் கரி இருந்தாலும் ஒரு சின்ன ஓட்டை வழியாக வரும் காற்றுக்கு எவ்வளவு எரியுமோ அவ்வளவுதான் எரியும். கீழே வரும் அளவுகள் எல்லாம் இதற்காகத்தான்.

டிரம்மின் உள்விட்டம் சுமார் 570 மி.மீ., உள்ளுயரம் 860 பக்கம். உங்களுடையதை அளந்துகொள்ளுங்கள், சில மில்லிமீட்டர் மாறும்.

காற்று வாசல் நான்கு. சுற்றளவை நான்காகப் பிரித்து, தரையிலிருந்து 60 மி.மீ. உயரத்தில் மையம் வரும்படி குறியுங்கள். முக்கால் அங்குல நிப்பிளின் (இரு முனையிலும் மரை உள்ள குட்டைக் குழாய்) திருகு வெளிவிட்டம் 26.4 மி.மீ., அதனால் ஓட்டை 27. வட்டமாக ஓட்டை அறுக்கும் ஹோல்சா இருந்தால் நல்லது. மெல்லிய தகட்டில் சாதாரண பெரிய டிரில் பிட் மாட்டிக் கையைத் திருகிவிடும், படிப்படியாக அகலமாகும் ஸ்டெப் டிரில் பாதுகாப்பு. நிப்பிளை உள்ளும் புறமும் பேக்நட் (தட்டையான பூட்டு நட்டு) போட்டு இறுக்கினால் வெல்டிங்கே தேவையில்லை. மூன்று நிப்பிளுக்குத் திருகுமூடி, நான்காவதுக்குப் பித்தளை பால் வால்வு. வால்வு ஒன்று போதும், நுணுக்கமான திருத்தம் முழுக்க அதில்தான் நடக்கும். நான்குக்கும் வால்வு வாங்குவது வீண் செலவு.

புகை வெளியேற மூடியில் 16 மி.மீ. ஓட்டை எட்டு, விளிம்பிலிருந்து 100 மி.மீ. உள்ளே வட்டமாக. கணக்கு இதுதான்: 20 மி.மீ. துளையுள்ள நான்கு வாசலும் சேர்ந்து சுமார் 1257 சதுர மி.மீ., மேலே எட்டு ஓட்டையும் சேர்ந்து சுமார் 1608. வெளிவழி உள்வழியைவிட எப்போதும் பெரிதாக இருக்க வேண்டும். சிறிதானால் புகை உள்ளே தேங்கிக் கறியில் கசப்பேறும், ஊறுகாய்போல நாக்கில் சுரீரென்று பிடிக்கும். இதே காரணத்துக்காகச் சூட்டைக் குறைக்க மேல் ஓட்டைகளை ஒருபோதும் மூடாதீர்கள். மூடுவதெல்லாம் கீழே.

கரிக்கூடை: விட்டம் 400, உயரம் 250. வைரக்கண் வலைத்தகட்டில் 1300 மி.மீ. நீளம் வெட்டி வளைத்தால் 40 மி.மீ. மேல்படிவு கிடைக்கும். அந்தப் படிவில் நட்டு போல்ட்டு மூன்று. அடிக்குப் பழைய பிராய் கிரிட்டைக் கம்பியால் கட்டுங்கள். 75 மி.மீ. கால் வைக்க எம்10 போல்ட் நான்கு. கால் ஏன் என்றால், ஏழெட்டு மணி நேரத்தில் சாம்பல் உதிர்ந்து கரியின் அடியை மூடும். கால் இல்லாவிட்டால் நாலாவது மணியிலேயே சூடு சரியத் தொடங்கும். கூடைக்கடியில் பழைய பீட்சா தட்டு ஒன்று வைத்தால் சாம்பலைக் கொட்டவும் எளிது.

கிரிட்: 57 செ.மீ. வெபர் உருண்டை அடுப்புக்கான மாற்றுக் கிரிட் 54.6 செ.மீ. விட்டம், இந்த டிரம்முக்குள் அளந்து செய்ததுபோல உட்காரும். மேல்விளிம்பிலிருந்து 180 மி.மீ. கீழே எம்6 ஸ்டெயின்லெஸ் போல்ட் நான்கு, உள்ளே 40 மி.மீ. நீட்டிக்கொண்டு. அப்போது கரிக்கூடையின் அடிக்கும் கறிக்கும் இடையே 600 மி.மீ. கிடைக்கும். அதைக் குறைக்காதீர்கள். 400க்கு இறக்கினால் நேர்த்தணல் வாட்டி அடிப்பக்கம் கருகும், சொட்டுகிற கொழுப்பும் தீயாகப் பற்றும்.

இதற்கு 110 மி.மீ. கீழே இன்னொரு வரிசை போல்ட் போட்டுவிடுங்கள். பிற்பாடு இரண்டாவது கிரிட்டுக்கோ, மீன் புகைக்கும்போது நடுவில் தடுப்புத் தட்டு வைக்கவோ ஆகும்.

---

பிளஃப்_கடற்காற்று

இருவருக்கும் மிக்க நன்றி. எண்ணெய் டிரம்தான், முடிவு.

கூடைக்கு வைரக்கண் தகடு புதிதாக வாங்கினால் பட்ஜெட்டில் பெரிய துண்டு போகிறது. கொல்லையில் துத்தநாகம் பூசிய கோழிவலை, கனமான வகை, மிச்சம் இருக்கிறது. இரண்டு மூன்று மடிப்பாகச் சுற்றினால் தாங்குமா? வெப்பமானி எங்கே பொருத்துவது?

---

ஃபீனிக்ஸ்_வெல்டர்

கோழிவலை வேண்டவே வேண்டாம். துத்தநாகம் 420 டிகிரில உருகும், 907ல கொதிச்சு ஆவியாகும். காத்து கிடைச்சா கரித்தணல் அந்த அளவை எட்டும். அந்த ஆவியைச் சுவாசிச்சா சில மணி நேரத்தில குளிர் காய்ச்சல், உடம்புவலி, வாயில இரும்பு ருசி. பட்டறைக்காரங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச காய்ச்சல் இது. அந்தப் புகை கறியிலயும் படியும். வலைக்கம்பியும் மெல்லிசு, ரெண்டு தடவைக்கு மேல நிக்காது.

காசில்லாத நல்ல வழி ஒண்ணு இருக்கு. பழுதான வாஷிங் மெஷினோட உள்டிரம். ஸ்டெயின்லெஸ், சுத்திலும் ஓட்டை போட்டே வருது. பழைய இரும்புக்கடையில கேளுங்க. பெரும்பாலும் 450 முதல் 500 மி.மீ. விட்டம் இருக்கும், உங்க 570க்குள்ள தாராளமாப் போகும். உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் துடுப்பு மூணையும் கழட்டணும். பின்னால மூணு கையா விரிஞ்சு நிக்கிற அலுமினிய வார்ப்பையும் கட்டாயம் கழட்டணும். அலுமினியம் 660 டிகிரில உருகி ஓடும். தண்டு போன ஓட்டையை ஒரு இரும்புத் தகட்டால மூடிக்கங்க, இல்லேன்னா அது வழியா கரி விழும். அதுக்கும் 75 மி.மீ. கால் வேணும்.

வாசல்ல போடுற நிப்பிள் துத்தநாகம் பூசினதா இருக்கேன்னு கவலைப்படுறவங்க உண்டு. அது டிரம்முக்கு வெளியே, குளிர்ந்த காத்து வர்ற வழியில நிக்குது, அந்தச் சூடு அங்கே வராது. இருந்தாலும் பித்தளையோ கறுப்பு இரும்போ கிடைச்சா அதையே போடுங்க. உள்ளே நீட்டுற பகுதி கூடையைத் தொடாம பார்த்துக்கங்க.

மூடிக்குக் கைப்பிடி மரத்தில. அடிக்குச் சக்கரம் வேண்டாம், மூணு தளக்கல் போதும். மரத் தளத்து மேலயோ காய்ஞ்ச புல் மேலயோ வைக்காதீங்க. மழைன்னு கராஜுக்குள்ள தள்ளவே தள்ளாதீங்க. வாசலை மூடின பிறகும் கரி மணிக்கணக்கா கார்பன் மோனாக்சைடு விட்டுக்கிட்டே இருக்கும். அதுக்கு வாசனையும் கிடையாது.

---

லெனேசியா_மேட்டுநிலம்

வெப்பமானி பற்றி. கிரிட்டுக்கு 25 மி.மீ. கீழே பக்கவாட்டில் முள் வெப்பமானி பொருத்துங்கள், தண்டு குறைந்தது 100 மி.மீ. உள்ளே போக வேண்டும். அப்படி வைத்தாலும் ஓரம் எப்போதும் நடுவைவிடக் குறைவாகக் காட்டும், 15 முதல் 30 டிகிரி வரை வித்தியாசம் இயல்பு. முள் 105 காட்டும்போது நடுவில் 125 இருக்கலாம். அதனால் கறிக்குள் குத்துகிற டிஜிட்டல் வெப்பமானி ஒன்று கட்டாயம் வாங்குங்கள். மற்றதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்.

கொதிநீரில் வைத்துச் சரிபார்க்கும்போது உங்கள் டர்பனில் 100 காட்ட வேண்டும். எங்கள் ஜோகன்னஸ்பர்க் பக்கம் கடல்மட்டத்துக்கு 1700 மீட்டருக்கு மேல், இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதிக்கிறது. இதைத் தெரியாமல் நல்ல வெப்பமானியைப் பழுது என்று திருப்பிக் கொடுப்பவர்கள் பலர்.

இதைப் படிக்கும் மேட்டுநிலத்துக்காரர்களுக்கு இன்னும் ஒன்று: காற்று மெலிந்தது என்பதால் அதே சூட்டுக்கு வால்வைச் சற்றுக் கூடுதலாகத் திறக்க வேண்டியிருக்கும்.  இங்கே குளிர்காலமான ஜூலையில், அதிகாலைக் குளிரில் மெல்லிய தகடு சூட்டை வேகமாக இழக்கும், கரி கணிசமாகக் கூடுதலாகச் செலவாகும்.

---

டொங்காட்_கரும்புக்காடு

தம்பி, விறகும் கறியும் நான் சொல்கிறேன்.

சூடு கொடுப்பது கரி, மணம் கொடுப்பது விறகு. இரண்டையும் குழப்ப வேண்டாம். ஒரு சமையலுக்குக் கைமுட்டி அளவில் நான்கைந்து விறகுத் துண்டு போதும். கரிக்குள் அங்கங்கே புதைத்து வைத்தால் நெருப்பு நகர நகர ஒவ்வொன்றாகப் பற்றும். எல்லாவற்றையும் மேலே வைத்தால் முதல் மணி நேரத்திலேயே தீர்ந்துவிடும், அந்த ஒரு மணி நேரமும் புகை மிஞ்சும்.

நம் பக்கம் வீட்டுக்கு வீடு மாமரமும் லிச்சி மரமும் உண்டு. கவாத்து செய்த கிளையைப் பட்டை உரித்து, நிழலில் ஆறு மாதம் காயவைத்தால் அதைவிட நல்ல விறகு கிடையாது. கோழிக்கும் மீனுக்கும் மா, லிச்சி, கொய்யா. ஆட்டுக்கறிக்குக் கொஞ்சம் கனத்த புகை வேண்டும், சேக்கல்பொஸ் வாங்குங்கள். ஊரில் விடத்தலை என்று சொல்கிற அதே முள்மரம்தான். பிராய் விறகாகக் கட்டுக்கட்டாக விற்கிறது, நமீபியாவிலிருந்து வரும் கரியிலும் அது நிறைய. உள்நாட்டு மிட்லண்ட்ஸ் பகுதியில் வளரும் வாட்டில் என்கிற வேல வகைக் கட்டையும் நன்றாகக் காய்ந்திருந்தால் ஆகும்.

டம்போட்டி என்கிற காட்டுமரம் வேண்டாம். வாசனை நன்றாக இருக்கிறதே என்று யாராவது கொடுப்பார்கள். அதன் புகை பட்ட கறி கடுமையான வயிற்றுப்போக்கைக் கொடுக்கும், பார்வைக்கு நல்ல விறகு மாதிரிதான் இருக்கும். அரளி விஷம். சிரிங்கா என்று தெருவோரம் நிற்கிறதே, நம் மலைவேம்பு, அதையும் விட்டுவிடுங்கள். பைன் கட்டையில் பிசின், புகை கறுப்பாகப் படியும்.

விறகைத் தண்ணீரில் ஊறவைக்கச் சொல்வார்கள். கேட்காதீர்கள். ஈரக்கட்டை முதலில் நீராவியும் பிறகு கெட்டியான வெள்ளைப் புகையும்தான் விடும், அது கறியில் தார்போல ஒட்டும். மூடி ஓட்டையில் வருவது மெல்லிய நீலச்சாயலாக, இருக்கிறதா இல்லையா என்று உற்றுப் பார்க்க வேண்டிய அளவில் இருந்தால் அதுதான் சமைக்கிற புகை. வெள்ளையாகப் புரண்டு வருகிறவரை கறியை வைக்காதீர்கள்.

நெருப்பு மூட்ட: கூடையில் கரியைப் பற்றவைக்காமல் நிரப்பி, நடுவில் ஒரு குழி. இரண்டு பக்கமும் வெட்டிய பெரிய காப்பி டின்னில் பத்துப் பன்னிரண்டு கரியைத் தனியே கனியவைத்து, சாம்பல் பூத்ததும் அந்தக் குழியில் கொட்டுங்கள். அவ்வளவுதான். நெருப்பு மேலிருந்து கீழாக மெல்ல நகரும். முழுக் கூடையையும் பற்றவைத்தால் அது பிராய் ஆகிவிடும், புகையடுப்பு ஆகாது. தீக்குச்சி காட்டியதும் பற்றுகிற, எண்ணெய் ஏற்றிய பிரிக்கெட் வாங்கவே கூடாது. பற்றாத துண்டுகள் ஒவ்வொன்றாகப் பற்றும்போதெல்லாம் மண்ணெண்ணெய் நாற்றம் கறிக்கு ஏறும்.

முதல் சமையலுக்கு முன் ஒரு நாள் வெறும் அடுப்பாக ஓட்டுங்கள். உள்பக்கம் முழுக்க சூரியகாந்தி எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிசாகத் தேய்த்து, 150 டிகிரியில் மூன்று மணி நேரம். வழியவழியத் தேய்த்தால் பிசின்போல ஒட்டும். தோசைக்கல் பழக்குவதுபோலத்தான்.

பதினைந்து பேருக்கு 2 கிலோ ஆட்டு முன்தொடை இரண்டு, கோழி மூன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் வைக்க ஆசைப்படாதீர்கள். ஆட்டுக்கு 120 டிகிரி வேண்டும், கோழியை அதில் வைத்தால் தோல் ரப்பராகும். ஒரு மணிக்கு இலை போடுவதாக இருந்தால், காலை ஐந்துக்கு முன் நெருப்பு, ஐந்தரைக்கு ஆடு. கிலோவுக்கு 16 கிராம் உப்பு முந்தின இரவே தடவியிருக்க வேண்டும். இஞ்சி பூண்டு, மிளகாய்த்தூள், சோம்பு, எண்ணெய் காலையில். 120ல் நம் மசாலா கருகாது. சர்க்கரையோ வெல்லமோ மட்டும் ஆரம்பத்தில் சேர்க்காதீர்கள், புளி வெல்லப் பூச்சு கடைசி இருபது நிமிடத்தில்.

உட்சூடு 70 பக்கம் வந்ததும் ஒரு மணி நேரம், சில நேரம் இரண்டு மணி நேரம், ஏறாமல் அப்படியே நிற்கும். பயந்து வால்வைத் திறக்காதீர்கள். கறியின் மேலிருந்து ஈரம் ஆவியாகி, நாம் கொடுக்கிற சூட்டையெல்லாம் அது தின்றுகொண்டிருக்கிறது, நமக்கு வேர்த்தால் உடம்பு குளிர்வதைப்போல. அந்த நேரத்தில் இரண்டு சுற்று அலுமினியத்தாளில் இறுக்கமாகப் பொதிந்து திரும்ப வையுங்கள், ஏறும். எலும்பைப் பிடித்துத் திருகினால் கழலுகிற பதம் 92, 93ல் வரும். பதினொன்றரை அளவில் எடுத்து, தாளோடு துண்டில் சுற்றிக் கூலர் பெட்டியில் மூடிவிடுங்கள், ஒன்றரை மணி நேரம் சூடு குறையாது.

ஆட்டை எடுத்ததும் வாசல் ஒன்றைத் திறந்து 150க்கு ஏற்றி, முதுகெலும்பை வெட்டி விரித்த கோழிகளை வையுங்கள். மூன்றும் ஒரே கிரிட்டில் இடிக்கும், ஒன்று கீழ்க்கிரிட்டில். ஒரு மணி நேரம், கூடினால் ஒன்றேகால். தொடையிலும் நெஞ்சிலும் தடித்த இடத்தில் 74 காட்ட வேண்டும். நிறத்தைப் பார்த்து எடுக்கவே கூடாது. புகை பட்ட கோழி வெந்த பிறகும் எலும்பருகே இளஞ்சிவப்பாக இருக்கும், வேகாததும் மேலே பொன்னிறமாக இருக்கும்.

மீனும் செய்ய நினைத்தால், ஷாட் மீனை அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் பிடிக்கத் தடை. அது டிசம்பருக்கு. இப்போது ஸ்னூக் மீன் வாங்குங்கள்.

---

பிளஃப்_கடற்காற்று

அக்கா, இதை அப்படியே அச்செடுத்து அடுப்படியில் ஒட்டப் போகிறேன். மிகவும் நன்றி.

வெறும் அடுப்பாக இன்று ஓட்டினேன். 150ல் நிற்க வேண்டியது 175 வரை ஏறிவிட்டது. மூன்று வாசலையும் மூடி, வால்வையும் முழுக்கச் சாத்திய பிறகும் நாற்பது நிமிடம் 160க்குக் கீழே வரவில்லை. கரி 4 கிலோ. மூடியை மூன்று நான்கு முறை திறந்து பார்த்தேன். தென்மேற்குக் காற்று பலமாக இருந்தது. எங்கே தப்பு?

---

சாட்ஸ்வொர்த்_தணல்

மூன்று காரணம் இருக்கலாம், மூன்றையும் பாருங்கள்.

முதலாவது, மூடியைத் திறந்தது. திறந்த நொடியில் வெப்பமானி இறங்குவதுபோலக் காட்டும், ஆனால் கரிக்கு ஏராளமான காற்று கிடைத்து இன்னும் பத்துத் துண்டு பற்றிக்கொள்ளும். மூடியதும் முன்பைவிட மேலே ஏறும். ஒரு முறை திறந்ததன் விளைவு அடங்க இருபது நிமிடமாகும், நீங்கள் அடுத்தடுத்து திறந்திருக்கிறீர்கள். திறக்க வேண்டிய நேரம் வந்தால் அதற்கு ஒரு நிமிடம் முன்பே வால்வைச் சாத்துங்கள், வேலையை முடித்து மூடி, பிறகு வால்வைப் பழைய அளவுக்குத் திறங்கள்.

இரண்டாவது, ஏற்றிய விதம். மெல்லிய தகடு உடனே குளிரும், ஆனால் பற்றிய கரி உடனே அணையாது. அதனால் இந்த அடுப்பில் கீழிருந்து மேலே ஏற்றுவது எளிது, மேலிருந்து இறக்குவது கடினம். இலக்கு 120 என்றால் 95ல் இரண்டு வாசலை மூடுங்கள், 105ல் மூன்றாவதையும். அதன்பின் வால்வு மட்டும், பாதி திறப்பிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு திருத்தம் செய்தால் பதினைந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வால்வைத் திருகுபவர்களின் அடுப்புதான் ஊஞ்சலாடும்.

மூன்றாவது, கசிவு. எல்லாம் சாத்திய பிறகும் 160ல் நிற்கிறது என்றால் எங்கோ காற்று போகிறது. இதுதான் முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். காற்றில்லாத நேரத்தில் அடுப்பை மூட்டி, வாசல்களை மூடி, ஓர் ஊதுபத்தியைப் பற்றவைத்து ஒவ்வொரு நிப்பிளைச் சுற்றியும், அடி மடிப்பைச் சுற்றியும், போல்ட் ஓட்டைகளிலும் மெதுவாகக் கொண்டுபோங்கள். பத்திப்புகை எங்கே உள்ளே இழுபடுகிறதோ அங்கேதான் கசிவு. பெரும்பாலும் நிப்பிளில் இருக்கும். டிரம் வளைவானது, பேக்நட் தட்டையானது, இரண்டுக்கும் நடுவே மேலும் கீழும் பிறைபோல இடைவெளி நிற்கும். நட்டைக் கழற்றி அடுப்பு சிமெண்டை வளையமாக வைத்து இறுக்கி, ஒரு நாள் காயவிடுங்கள். சாதாரண குழாய் டேப்பும் சிலிகானும் அங்கே தாங்காது.

வால்வு தென்மேற்குக் காற்றைப் பார்த்தபடி இருந்தால் துருத்தி வைத்து ஊதுவதுபோலத்தான். வால்வு காற்றடிக்கிற திசைக்கு மறுபக்கம் வரும்படி டிரம்மைத் திருப்பி வையுங்கள். மலைப்பக்கமிருந்து சூடாக வரும் பெர்க் காற்று வீசும் நாளில் பொறி பறக்கும், அன்று அடுப்பே மூட்ட வேண்டாம்.

---

ஃபீனிக்ஸ்_வெல்டர்

தணல் சொன்னது சரி. சிமெண்ட் வைக்கும்போது நிப்பிளைச் சுத்தி ரெண்டு அங்குலத்துக்குப் பெயிண்டைச் சுரண்டிடுங்க, பெயிண்ட் மேல சிமெண்ட் பிடிக்காது.

பிளஃப் கடலுக்குப் பக்கம், உப்புக்காத்து. சமையல் முடிஞ்சதும் வாசல் எல்லாத்தையும் மூடி, மூடி ஓட்டைங்க மேல ஒரு தட்டைத் தகடு வைங்க. கரி அணைஞ்சிடும், மிச்சம் இருக்கிற கரி அடுத்த தடவைக்கு ஆகும். ஆனா மறுநாள் காலையில சாம்பலைக் கொட்டாம விட்டுடாதீங்க. சாம்பல் காத்து ஈரத்தை இழுத்துக் காரத் தண்ணியா மாறி அடித்தகட்டைத் தின்னும். டிரம்முங்க எப்பவும் அடியிலதான் முதல்ல ஓட்டையாகும். கொட்டுறதுக்கு முன்னால நல்லா ஆறிடுச்சான்னு பாருங்க, பன்னிரண்டு மணி நேரம் கழிச்சும் உள்ளே கங்கு இருக்கும். பிளாஸ்டிக் குப்பைத்தொட்டில போடாதீங்க, இரும்பு வாளில போட்டுத் தண்ணி ஊத்துங்க.

கிரிட்டைக் கம்பிப் பிரஷ்ல தேய்க்காதீங்க, உதிர்ற கம்பி கறியில ஒட்டி வயித்துக்குள்ள போயிடும். பாதி வெங்காயத்தைக் குத்திச் சூட்டோட தேய்ச்சாப் போதும். சாம்பலைக் கொட்டிட்டு அடுப்பை மூடி வைக்கும்போது மூடியை ஒரு பக்கம் விரல் அளவு தூக்கி வைங்க, உள்ளே ஈரம் தங்காது. மழைக்கு மேலே தார்ப்பாய்.